கொண்டை ஊசி வளைவில் நின்ற பந்தயக் கார்

டொராண்டோவில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அடித்தால் திட்டுவதாகப் பொருள். என் அப்பா வந்திறங்கிய வாரம், ஜன்னலோரம் நின்று வெகுநேரம் தெருவைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, வளைவுல கூட ஒருத்தனும் சவுண்டு வுட மாட்டேங்கறான். எதிர்ல வர்றவனுக்கு எப்டித் தெரியும்?" என்றார். ஜவ்வாது மலையிலிருந்து திருப்பத்தூர் சந்தைக்குச் சாமை மூட்டைகளையும் ஆட்களையும் ஒரே வேனில் ஏற்றி இறக்கியவர் அவர். அம்மா போன பிறகு மலையில் தனியாக இருந்தவரை, சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லித்தான் அழைத்தேன். திருப்பி அனுப்பும் எண்ணம் எனக்கு இல்லை. அது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. "மாசியில புளி உலுக்கணும், டிக்கெட் போடும்மா" என்று காலைக் காப்பியோடு ஆரம்பிப்பார்.

பக்கத்து வீட்டு மார்கரெட் ஸ்ட்ரீட்கார் என்னும் டிராம் வண்டியை ஓட்டி ஓய்வுபெற்றவர். வாழ்நாளெல்லாம் தண்டவாளத்தில் ஓட்டியதால் ஸ்டீயரிங் திருப்பும் ஆசை தீராதவர். யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியும் அதில் போடும் கார் பந்தயமும் வாங்கி, தன் பேஸ்மென்ட்டில் வைத்திருந்தார். பழசுதான், ஆனால் பொம்மை ஓட்டம் இல்லை. டயர் தேயும், மழையில் வழுக்கும், கியரைத் தப்பாகப் போட்டால் இன்ஜின் திணறும். அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. முதல் நாளே ஹாரன் பட்டன் எங்கே என்று தேடினார். இறக்கத்தில் இரண்டாம் கியரைத் தாண்டமாட்டார். "சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வர்றோமே, ஆளுங்க எங்க எறங்கறது?" என்று மார்கரெட்டிடம் தமிழிலேயே கேட்டார். அவர் ஏதோ பாராட்டு என்று நினைத்து, "தேங்க் யூ" என்றார். அப்பா எப்போதும் கடைசிதான்.

அந்தத் தைரியத்தில்தான் நான் வாயை விட்டேன். "ஒரு ரேஸ் ஜெயிச்சிடுப்பா, டிக்கெட் போட்றேன். தோத்தா இங்கியே இருக்கணும்."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

மலைப்பாதையில் பந்தயம். கடைசி வளைவில் மார்கரெட் வேகத்தை அடக்க முடியாமல் சுழன்று, சுவரில் மோதிக் குறுக்காக நின்றார். அப்பாவின் கார் நிதானமாக வந்தது. முன்னால் முடிவுக் கோடு மட்டும்தான். அப்பா பிரேக் போட்டு, மார்கரெட்டின் காருக்குப் பின்னால் ஓரமாக நிறுத்தினார். "இன்னாம்மா ஆச்சு? டயரா?" என்று மார்கரெட் பக்கம் திரும்பிக் கேட்டார். அதற்குள் மார்கரெட் காரைத் திருப்பிக் கோட்டைத் தாண்டிவிட்டார். பிறகுதான், அப்பா ஏன் நின்றார் என்று மார்கரெட் என்னிடம் விசாரித்தார். சொன்னேன். "ஆனால் இது ரேஸ் ஆயிற்றே?" என்றார் பாவம்.

எனக்கு அது புதிதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகும் வழியில், வளைவில் பஞ்சராகி நின்ற டிராக்டருக்காக அப்பா வேனை நிறுத்தினார். நான் அழுதேன். "ஒண்டியா நிக்கறான்மா. நாளைக்கு நம்ம வண்டி நின்னா எவன் நிப்பான்?" என்று ஜாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த டிராக்டர்காரரால் எனக்கு எத்தனை மார்க் போனதோ, தெரியாது.

பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா தன் பெட்டியைத் திறந்து, எப்போதோ மடித்து வைத்திருந்த வேட்டி சட்டைகளை எடுத்து என் அலமாரியில் அடுக்கத் தொடங்கினார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. "பேச்சுன்னா பேச்சுதான். இருக்கறேன்" என்றார். நான் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. சட்டைகளைப் பிடுங்கித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

இப்போது அவர் புளியந்தோப்பிலிருந்து போன் பேசுகிறார், உலுக்க ஆள் கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறார், குரலில் மட்டும் அத்தனை சந்தோஷம். நான் இங்கே ஹைவேயில் வேலைக்குப் போகிறேன். விளக்குகள் மின்ன ஓரமாக ஒரு கார் நின்றால், உதவிக்கு வண்டி வந்துவிடும், நாம் நிற்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுகிறது. பின்னால் லாரிக்காரர் விளக்கை அடித்து அடித்து விரட்டுகிறார். நிற்காமல், வேகமும் எடுக்காமல், அந்தக் காரைக் கண்ணாடியில் பார்த்தபடி போய்க்கொண்டிருக்கிறேன்.