அப்பாவுக்காக நான் பேசிய கூட்டம்

மலேசியாவில் பீடோருக்குப் பக்கத்தில், இப்போது செம்பனை நிற்கும் ஒரு தோட்டத்தில் அப்பா ரப்பர் மரம் சீவினார். வேலை முடிந்தால் கள்ளுக்கடை, சில நாள் அதற்கு மேலே சம்சு என்ற மலிவுச் சாராயம். குடியை விடப்போவதாக அவர் சொன்னபோது லயன் வீடுகளில் யாரும் நம்பவில்லை. “ஒங்கப்பன் விட்டுட்டா கள்ளுக்கடைய இழுத்து மூடிருவாங்கடா” என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடமே சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

தங்கச்சி இறந்து அப்போது நான்கு மாதமாகியிருந்தது. மூன்று வயது. காய்ச்சல் முற்றி வலிப்பு வந்த மத்தியானம், அம்மா அப்பாவை டிரெசரிடம் ஓடச்சொன்னாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அவர்தான் எங்களுக்கு டாக்டர். அப்பா திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. டிரெசர் வெளியூர் போயிருந்தார், வாசலிலேயே காத்திருந்தேன் என்றார் அப்பா. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவரிடம் கள் வாடை அடித்தது. ஆனால் அது எப்போதும் அடிப்பதுதான். நாங்கள் நம்பினோம்.

ஈப்போவில் ஒரு மாதா கோயில் கூடத்தில், சனிக்கிழமை மத்தியானங்களில், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிறார்கள் என்று அப்பாவுக்குச் சொன்னதும் அந்த டிரெசர்தான். அவருக்கு எதற்கு எங்கள்மேல் இவ்வளவு அக்கறை என்று நான் யோசிக்கவில்லை. “இங்கிலீஷ்ல பேசுவாங்களாம். நீ வந்தாதான் ஆவும்” என்றார் அப்பா. நான் ஆங்கிலப் பள்ளியில் முதல் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து அங்கே போனவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமையோடு பஸ் ஏறினேன்.

ஈப்போவில் இறங்கியதும் இடம் தெரியவில்லை. வழி கேட்க வெட்கப்பட்டு அப்பா என்னை முன்னே தள்ளினார். ஒரு சீனர் காப்பிக்கடையில், குடிகாரர்கள் கூடும் இடம் எது என்று மலாயில் கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், தள்ளி நின்ற அப்பாவைப் பார்த்தார், எதிர்வரிசையில் சம்சு விற்கும் கடையைக் காட்டினார். “அங்க போறதுக்கா பஸ் ஏறி வந்தேன்” என்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ரயில்வேயில் வேலை செய்யும் ஒரு சீக்கியர், சீனக் குமாஸ்தாக்கள், ஈயச் சுரங்கத்தில் எஞ்சினியராக இருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர். தமிழர் யாரும் இல்லை. ஒவ்வொருவராக எழுந்து, குடியை விட்டு எத்தனை நாளாயிற்று என்று சொல்வார்கள். மற்றவர்கள் கைதட்டுவார்கள். முதல் இரண்டு வாரம் அப்பா பேசவில்லை. நான் அவர் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது வாரம் எழுந்தார். “நான் சொல்றத அப்படியே சொல்லு” என்றார்.

“எம் மக வலிப்புல கெடந்தா. டிரெசர கூப்புடப் போனேன். வழியில கள்ளுக்கடை. ஒரு மங்கு குடிச்சிட்டுப் போலாம்னு நொழஞ்சேன். டிரெசர் வீட்டுக்கு நான் போகவே இல்ல. வீட்டுல பொய் சொன்னேன்.”

எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அந்த வெள்ளைக்காரர் முன்னால் இவருடைய மகனாக நிற்க என்னால் முடியவில்லை. “என் அப்பா குடியை விட்டுப் பத்தொன்பது நாளாகிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

கைதட்டினார்கள். சீக்கியர் எழுந்து வந்து அப்பாவின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “நான் சொன்னத சொன்னியா?”

“சொன்னேன்பா.”

“அப்படியேவா?”

“ஆமாப்பா.”

திரும்பும் பஸ் கம்பாரைத் தாண்டிய பிறகு அப்பா, “புள்ள செத்ததுக்குக் கைதட்றானுங்க. என்னா எடம்லா இது” என்றார். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பா கள்ளுக்கடைக்குப் போனார். ஏழு வருடம் கழித்து ரத்த வாந்தி எடுத்துச் செத்தார். அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அன்று வீட்டில் இல்லாமல் போய்விட்டார் என்று நம்பி அந்த டிரெசரை அவள் சாகும்வரை சபித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு நானும் குடியில் விழுந்தேன். போன வருடம் மகள் கைப்பேசியில் தேடி, பலருக்கும் போன் போட்டு, ஈப்போவில் தமிழில் நடக்கும் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தாள். காரில் கொண்டுபோய் விட்டவள், “நானும் உள்ள வரட்டாப்பா?” என்று கேட்டாள். வேண்டாம், காரிலேயே இரு என்றேன். உள்ளே, முன்பின் அறியாதவர்களிடம், அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் நான் செய்ததையெல்லாம் சொன்னேன். சுலபமாகவே வந்தது. மகள் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு சொல் வந்திருக்காது.

அன்று வீடு திரும்பும்போதுதான் அது எனக்கு உறைத்தது. அந்தச் சீக்கியர், சீனர்கள், வெள்ளைக்காரர் எல்லாருக்கும் மலாய் தெரியும். அப்பா மலாயில் சண்டையே போடுவார். மொழிபெயர்க்க அவருக்கு ஆள் தேவைப்படவில்லை. அவர் தமிழில் பேசினார். அந்தக் கூடத்தில் தமிழ் விளங்கிய ஒரே ஆள் நான்தான். அவர் யாரிடம் சொன்னார் என்பது மட்டும் பதின்மூன்று வயதில் எனக்கு விளங்கவில்லை.