எட்டாத ஒயர்

காவாந்தண்டலத்தில் ஒரு கல்யாணம். நானும் கூட்டாளி ஏழுமலையும் மைக்செட் போட்டிருந்தோம். மெட்ராஸிலிருந்து நான் வாங்கிவந்த விலை உயர்ந்த ஒயரால்தான் பாட்டு இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று காலையிலிருந்து எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன்.

“பழசே போதும்னு சொன்னியே, உனக்குக் காது கீதா?” என்று ஏழுமலையை நாலு பேர் எதிரில் மட்டம் தட்டினேன். அவன் அடுத்த பாட்டை மாற்றிப் போட்டான்.

மத்தியானம், ஏழுமலை கட்டியிருந்த ஸ்பீக்கரை அவிழ்க்கப் புளியமரத்தில் ஏறினேன். ஸ்பீக்கரில் மாட்டியிருந்தது பழைய ஒயர். உடம்பு கூசிப்போனது.

நான் இறங்கியதும், “புதுசு மரம் வரைக்கும் எட்டலபா” என்று ஏழுமலை காதோடு சொன்னான்.

அதற்குள் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். “புது ஒயர்ல பாட்டு சோக்கா கேட்டுச்சு நைனா!”

“ஆமாங்க, இவன் பாத்து வாங்கினது” என்றான் ஏழுமலை.

நான் கையிலிருந்த பழைய ஒயரைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன். இன்றும் யாராவது சவுண்டைப் பாராட்டினால் இருப்புக்கொள்வதில்லை. எழுந்துபோய் ஒயரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.