அறுபத்து நான்கு பக்கங்களின் ஓரம்

அந்தப் புத்தகத்தைத் திறந்ததும் முதலில் வருவது கடுக்காய் வாசனை. மட்டமான காகிதம், துருவேறிய ஸ்டேப்ளர் பின், இரண்டுக்கும் மேலாக அந்தத் துவர்ப்பு… நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. சென்ற மாதம் வரை இருந்தது.

நம் குழுவில் பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். அட்டை மடங்கியிருக்கிறதா, பின் துருப்பிடித்ததா, உள்ளே கிறுக்கல் உண்டா என்று பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறீர்கள். நானும் போட்டிருக்கிறேன். ஆகவே இதை இங்கேயே எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது எங்கள் மதிப்பீடு வேறு. படித்து முடித்தவன் கடைசிப் பக்கத்தில் தன் பெயரை எழுத வேண்டும். "எத்தினி பேருடா?" என்பதுதான் முதல் கேள்வி. இருபது பெயர் இருந்தால் அது உயர்ந்த புத்தகம். பெயரே இல்லாத புதுப் புத்தகத்தை யாரும் சீண்டமாட்டோம்.

அண்ணாமலை என் வகுப்பு. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஓர் ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தான். லீவு முடிந்து வரும்போது துணிப்பை நிறையக் கடுக்காய் இருக்கும். கடைத்தெரு வியாபாரியிடம் போட்டுவிட்டு வகுப்புக்கு வருவான். ஆறாம் வகுப்பு வந்துவிட்டானே தவிர, எழுதப் படிக்க வரவில்லை. அது அவன் குற்றமல்ல. அவன் ஊர்ப் பள்ளிக்கூடம் திறந்திருந்த நாட்கள் அவ்வளவு கம்மி.

என் அப்பா சேலம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிவந்த காமிக்ஸ் அது. குதிரையில் வரும் துப்பறிவாளன் கதை. அண்ணாமலை கேட்டான், படம் பார்க்கத்தான் கேட்கிறான் என்று நினைத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் திரும்பி வரவில்லை.

அவன் அதைக் கடுக்காய்ப் பையிலிருந்து எடுத்து நீட்டியபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அவன் பெயர்!

"இன்னாடா இது? கடைசிப் பக்கத்துல தானடா எழுதணும்?"

"கடைசி வரிக்கும் போயி சேருவனான்னு தெரில… அதான் படிச்ச பக்கத்துல எல்லாம் போட்டுக்கினே வந்தேன்."

"இதுக்கு மூணு மாசமா?"

"உனுக்குப் படிக்கத் தெரியும், நீ ஓடுவ. நான் நடந்துதான வரணும்?"

முதல் பக்கத்தில் 'அ' மட்டும், சுழி எதிர்ப்பக்கம் திரும்பி. பன்னிரண்டாம் பக்கத்தில் 'அண்' வரை வந்திருப்பான். முப்பதில் முழுப்பெயர், துணைக்கால் மட்டும் விட்டுப்போயிருக்கும். அதுவரை பென்சில். அறுபத்து நான்கில் தகப்பனார் இனிஷியலோடு, பால்பாயிண்ட் பேனாவில், கீழே ஒரு கோடும் இழுத்திருப்பான்… ஒருவன் எழுதக் கற்றது முழுவதும் அந்த ஓரத்தில் இருந்தது. அன்று அது எனக்குத் தெரியவில்லை. நான் அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஏழாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. மலையிலேயே தங்கிவிட்டான்.

சென்ற ஆண்டு வெள்ளிமலையில் அவன் மகள் மலர்க்கொடியைப் பார்த்தேன். அங்கன்வாடியில் வேலை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அண்ணாமலை இறந்துவிட்டானாம். புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அப்பா கையால எழுதுனது வூட்ல ஒரு துண்டு காயிதங்கூட இல்லீங்க சார். ஒரு தபா கண்ணுல காட்டுங்க."

காட்டுவதென்ன, உனக்கே தந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதற்குள் ஒரு தவறு செய்தேன். வேறு யாரிடமும் இல்லாத இதழ் என்பதால், நம் கண்காட்சிக்காக இரண்டு வாரம் இரவல் கேட்டார் நம் குழுவின் மதிப்பீட்டாளர். பெயர் சொல்ல மாட்டேன். அவரே இதைப் படிப்பார். ஒன்றும் செய்ய வேண்டாம், உள்ளபடியே திருப்பித் தாருங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பித் தந்தார். புதுப் பின் அடித்திருந்தது.

"எவனோ பக்கத்துக்குப் பக்கம் கிறுக்கி வெச்சிருந்தான் சார். பென்சில் ரப்பருக்குப் போயிடுச்சு. பேனா போகல. அதான் கட்டிங் மெஷின்ல குடுத்து ஓரத்தையே எடுத்துட்டேன். நாலு மார்க்ல இருந்த புக்கு சார், இப்ப எட்டு!"

"வெட்டின துண்டெல்லாம் எங்க?"

"அது குப்ப தானே சார்… இன்னா சார் இப்பிடிப் பாக்குறீங்க? தேங்க்ஸ் சொல்வீங்கன்னு பாத்தா!"

ஓரத்தை வெட்டுவது சேகரிப்பாளர்களின் சொந்த விதிப்படியே குற்றம். அதைப் பற்றி நான் பேச வரவில்லை. இரவல் வாங்கிய பொருளை, உடையவனைக் கேட்காமல், அவனுக்கே நன்மை செய்வதாக எண்ணி அழிக்கும் துணிவு ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? 'எவனோ' என்றாரே… அந்த எவனோவின் பெயர் அறுபத்து நான்கு முறை அவர் கண்ணெதிரே இருந்தது. ஒரு முறையாவது வாசித்தாரா?

போன ஞாயிற்றுக்கிழமை, புத்தகத்தை வாங்கிப்போக, மலர்க்கொடி முதல் பஸ்ஸில் மலையிறங்கி, சின்னசேலத்தில் என் வீட்டுக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"மொத பக்கத்துல எப்பிடிங்க சார் எழுதியிருந்தாரு?"

ஒரு தாளை எடுத்து, நினைவில் இருந்தபடி, எதிர்ப்பக்கம் சுழித்த அந்த 'அ'வைக் கவனமாகப் போட்டுக் காட்டினேன்.

தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இது உங்க எழுத்துதானுங்களே சார்."

புத்தகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பத்தரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்று, பெயரில்லாத புத்தகத்தை நாங்கள் கையால் தொடமாட்டோம். இன்று, அந்த உறையின் மேல் மதிப்பீட்டாளர் தம் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது: 'யாரும் படித்த சுவடே இல்லை. எட்டு.'

நான் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சீட்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்… குழுவில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.