பென்சில் கோடும் கண்டக்டர் பேச்சும்

கண்டக்டரிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர்கள் அந்த ரூட்டில் யாரும் கிடையாது. படியில் தொங்கிக்கொண்டே ஒருவர், "உள்ள இடம் இருக்கா?" என்று கேட்டால், "நிறைய இருக்கு. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு ஆள் நிக்கிறாரு, அவ்வளவுதான்" என்பார். யோசிக்க அவருக்கு நேரமே வேண்டாம். கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்து விழும், பஸ்ஸே சிரிக்கும்.

வீட்டிலும் அதே கூத்துதான். மனைவி ஒரு பேச்சை ஆரம்பித்தால் பாதியில் புகுந்து அதைக் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். "நான் சொல்லி முடிச்சுக்கறேன், குறுக்க பேசாதீங்க" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. கல்யாணமான புதிதில் கெஞ்சலாகச் சொன்னாள், பிறகு கோபமாகச் சொன்னாள், அதற்கும் பிறகு மூச்சு விடுவதுபோல் பழக்கத்தில் சொன்னாள். கடைத்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் அவளை எல்லோரும் பார்லரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருவத்துக்கு அவள் கைதான் வேண்டும் என்று நாலு தெரு தாண்டி வந்து காத்திருப்பார்கள்.

கண்டக்டருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்தார்கள். ஆள் பிழைத்துவிட்டார். இருந்த சேமிப்பும் குரலும் போய்விட்டன. டிப்போவில் பெரிய மனசு பண்ணி உட்கார்ந்த வேலை ஒன்று கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிடியும் கொடுத்தார்கள். அதை வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், டைப் அடித்ததை அது வாய்விட்டுச் சொல்லும். ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பு செய்கிறவரின் குரல் மாதிரி இருக்கும். இருந்தாலும் பரவாயில்லை, பேச்சு பேச்சுதானே. தாளில் எழுதிக் காட்டலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். டிக்கெட்டில் கிறுக்கிக் கிறுக்கி அவர் கையெழுத்து யாருக்கும் புரியாத பாஷையாகியிருந்தது. அதோடு, தாளை நீட்டினால் ஜனங்கள் தாளைத்தான் பார்க்கிறார்கள், தன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று அவருக்கு ஒரு குறை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்தப் புரோகிராம் புதுசு, மெஷின் அரதப் பழசு. அவர் அடித்து முடித்துப் பட்டனைத் தட்டினால் மெஷின் முனகும், யோசிக்கும், மறுபடி முனகும், அப்புறம்தான் வாயைத் திறக்கும். அதற்குள் கூடியிருப்பவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். சிரிக்க வைக்கிறவனுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்லரக்காவின் அண்ணன் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். அண்ணன் கொஞ்சம் அளப்பவர். "புதுசா ஒரு கார் பாத்து வச்சிருக்கேன் மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தார். கண்டக்டரின் கை பறந்தது, அடித்தார், பட்டனைத் தட்டினார். மெஷின் முனகத் தொடங்கியது. அதற்குள் அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டே, "எங்க வந்து கார் வாங்கறது? எங்கம்மாவை மறுபடியும் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு" என்றாள். எல்லோரும் உச்சுக் கொட்டி ஓய்ந்த அந்த அமைதியில் ரயில்வே குரல் கணீரென்று ஒலித்தது: "முதல்ல பழசுக்குப் பெட்ரோல் போட்டு ஓட்டுங்க மச்சான்."

அண்ணி சாப்பாட்டுக் கையோடு எழுந்துபோய்விட்டாள். பிறகு சமாதானம் ஆனது, விளக்கம் சொன்னதும் அவளே சிரிக்கவும் செய்தாள். ஆனால் கண்டக்டர் அன்றைக்கே கம்ப்யூட்டரை அணைத்து, அதன்மேல் ஒரு பழைய வேட்டியை மடித்துப் போட்டு மூடினார். அதன்பிறகு எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார், அல்லது ஆட்டமாட்டார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

பார்லரக்கா என்ன சொன்னாலும் இப்போது கடைசிவரை சொல்ல முடிந்தது. சொல்லி முடித்ததும் வீடு அப்படியே கிடக்கும். அவளுக்கு அது பொறுக்கவில்லை. ஆபரேஷனில் போனது குரல்தான், ஆளே இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று பயந்தாள்.

பார்லருக்கு இரண்டு கடை தள்ளி ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் இருந்தார். மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்து, "தம்பி, இதை வேகமா ஓட வைக்கணும்" என்றாள்.

"புது மெஷின் வாங்கிடுங்கக்கா."

"வாங்க முடிஞ்சா உன்கிட்ட எதுக்கு வரேன்?"

அவர் மூடியைக் கழற்றி, விசிறியை எடுத்து, உள்ளே இருந்த ப்ராசசர் சில்லை உற்றுப் பார்த்தார். "ஒரு வழி இருக்கு. போர்டு ஒரு தாளம் போடும்க்கா. இந்த ப்ராசசர் அதை இத்தனை மடங்குன்னு பெருக்கிக்கிட்டு ஓடும். எத்தனை மடங்குங்கறதை கம்பெனியிலயே பூட்டிடறாங்க. இது இன்னும் கொஞ்சம் வேகமா ஓடக்கூடிய சில்லுதான். ஓடவிட்டா, விலை கூடினதை யாரு வாங்குவா?"

"ஓடத் தெரிஞ்சதைக் காலைக் கட்டியா விக்கறாங்க?" பார்லரக்காவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. முகம் தெரியாத அந்தக் கம்பெனிக்காரர்களை மனதுக்குள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

ரிப்பேர்காரர் லென்ஸை அவளிடம் கொடுத்தார். சில்லின் முதுகில் பொடிப்பொடியாகப் புள்ளிகள், ஜோடி ஜோடியாக. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் இருந்த இணைப்பை வெட்டிவிட்டிருந்தார்கள். "பென்சிலால கோடு போட்டு ஜோடியைச் சேர்த்துட்டா பூட்டு திறந்துடும். ஆனா ஒரு கோடு பக்கத்துக் கோட்டைத் தொட்டுச்சுன்னா மெஷின் போனாலும் போயிடும். என் கை இதுக்கெல்லாம் சரிப்படாது. நீங்க போட்டுக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன். எரிஞ்சா என்னைக் கேக்கக்கூடாது."

அவள் வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். எரிந்துபோனால் இருக்கிற குரலும் போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் தோளைக் குலுக்கினார். எனக்கு எல்லாம் ஒன்றுதான் என்பது அதற்கு அர்த்தம். அந்தக் குலுக்கல்தான் அவளை முடிவெடுக்க வைத்தது.

மறுநாள் மதியம், பார்லரில் கூட்டம் இல்லாத நேரம். சில்லைத் தட்டில் வைத்து ஸ்பிரிட்டால் துடைத்தாள். கண்டக்டரை விளக்கைப் பிடிக்கச் சொன்னாள். லென்ஸைக் கண்ணில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, புருவத்தில் முடி இல்லாத இடத்தில் முடி வரைகிற அதே கையால் ஒவ்வொரு கோடாக இழுத்தாள். ஒன்றை ஒன்று தொடவில்லை. அவள் தொழிலில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை என்று சத்தியமே பண்ணலாம்.

ரிப்பேர்காரர் தன் கடையில் அதை மாட்டிப் பார்த்தார். மெஷின் பழையபடியே ஓடியது. மடங்கை மாற்றினால் கேட்கவே இல்லை. கழற்றி லென்ஸில் பார்த்தவர், "என்னக்கா இது பளபளன்னு இருக்கு? எந்தப் பென்சில்?" என்றார்.

"புருவப் பென்சில்தான். நல்லதுதான் தம்பி, தண்ணி பட்டாலும் போகாது."

ரிப்பேர்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அது மெழுகுக்கா. அதுல எப்படி கரண்ட் போகும்? பள்ளிக்கூடத்துப் பென்சில்க்கா, கரிப் பென்சில்."

அவள் அசடு வழிந்துகொண்டு திரும்பினாள். கண்டக்டர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. நேற்றைய குலுக்கல் இல்லை இது. சத்தமில்லாமல் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். "சிரிப்பீங்க, ஏன் சிரிக்க மாட்டீங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், உள்ளுக்குள் அவளுக்கு ஜில்லென்று இருந்தது.

படம் வரைகிற கரிப் பென்சில் வாங்கிவந்து, முதலில் போட்டதை அழித்துவிட்டு மறுபடி கோடுகளைப் போட்டாள். இந்த முறை பூட்டு திறந்தது. ரிப்பேர்காரருக்கு ஆசை தாங்கவில்லை, மடங்கை ஒரேயடியாக ஏற்றிவிட்டார். திரை கறுத்தது. மறுபடி தட்டினார், கறுப்புதான். "போச்சா தம்பி?" என்றாள் பார்லரக்கா. கண்டக்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தன் தொண்டையைத் தடவிக்கொண்டார். அவருக்கு எல்லாம் ஒன்றில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"பதறாதீங்கக்கா, செத்துப்போகல" என்று ரிப்பேர்காரர் போர்டிலிருந்த பேட்டரியைக் கழற்றிச் சற்றுநேரம் வைத்திருந்து மாட்டினார். திரை வெளுத்தது. இந்தத் தடவை பேராசைப்படாமல் கொஞ்சமாக ஏற்றினார், நின்றது. சூடு அதிகமாகும் என்றார். பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, பார்லரிலிருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள் அவள்.

பெரிய மாயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. நீளமான வாக்கியத்துக்கு மெஷின் இன்னமும் முனகியது. ஆனால் நாலைந்து வார்த்தை என்றால், எதிராளி ஒரு மூச்சு வாங்குவதற்குள் சொல்லிவிட்டது. கண்டக்டர் அதை வைத்து ஏதோ கணக்குப் போட்டார். இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து சின்னச் சின்னதாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். ஃபேன் காற்றில் திறந்துகிடந்த மெஷினைப் பார்த்து, "இது என்ன கோலம்?" என்றார் அண்ணன். கேட்டதுதான் தாமதம், பார்லரக்கா ஆரம்பித்துவிட்டாள். பூட்டைச் சொன்னாள், கம்பெனியின் அநியாயத்தைச் சொன்னாள், புள்ளிகளைச் சொன்னாள். தன் கையின் நிதானத்தைப் பற்றிச் சொல்லும்போது குரல் ஒரு படி ஏறியது. "ரிப்பேர்காரரே முடியாதுன்னுட்டாரு. நான் லென்ஸை வச்சு, ஒரே இழுப்புல கோட்டைப் போட்டேன் பாருங்கண்ணே, மாட்டினதும் அப்படியே..."

"முதல்ல புருவப் பென்சிலைச் சொல்லு."

ரயில்வே குரல்தான். சரியாக அந்த இடத்தில், அவள் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்த நேரத்தில் வந்து விழுந்தது. அண்ணி, "புருவப் பென்சிலா?" என்று கேட்டுவிட்டு வெடித்துச் சிரித்தாள். அண்ணனுக்குச் சிரிப்பில் புரையேறியது. பார்லரக்கா விருட்டென்று கணவன் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்லி முடிச்சுக்கறேன், குறுக்க பேசாதீங்க."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியாகச் சொன்னது. அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும், விரல்கள் பட்டன்களின் மேல் அப்படியே நின்றன. அண்ணனும் அண்ணியும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக, அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.