சுவர் தாண்டிப் போன ஒயர்

அந்த 'டக்' சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பாட்டுக் கேட்கிற ஸ்டீரியோ ரிசீவருக்குள் ரிலே என்று தீப்பெட்டி அளவில் ஒன்று உண்டு. தாங்க முடியாத பாரம் வந்தால் அது டக்கென்று விடுபடும்; பாட்டு நின்று செட்டே அணைந்துவிடும். நல்லதுக்குத்தான், இல்லையென்றால் உள்ளே கருகிப்போகும். ஆனால் தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் சொந்தமாக சர்வீஸ் கடை வைத்திருந்த எனக்கு, நான் சரிசெய்து அனுப்பிய செட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்பது கன்னத்தில் அறை வாங்குகிற மாதிரி. அப்போது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். இப்போதும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. நான் கை வைத்த செட்டு திரும்பி வராது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

திரும்பி வந்தது போத்தனூர் கார்டய்யாவின் செட்டு. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். துபாயிலிருந்து மருமகன் கொண்டுவந்த ரிசீவரை முதலில் அவர் எடுத்து வந்தபோது, ஸ்பீக்கருக்குச் சத்தத்தைத் தள்ளுகிற அவுட்புட் டிரான்சிஸ்டர் கருகி, ரிலேயும் விடுபடாமல் ஒட்டிப்போயிருந்தது. இரண்டையும் புதிதாக மாற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் ஆட்டோவில் வைத்து மறுபடி கொண்டுவந்தார். பாடிக்கொண்டே இருக்கும்போது அணைந்துவிடுகிறதாம். "உங்க வேலையில ஒண்ணும் குத்தமில்லீங்க. எங்கூட்டுக் கரண்டுதான் செரியில்லையாட்ட இருக்குது" என்றார். எங்கள் ஊர் மரியாதை அப்படி. நாலு வார்த்தை திட்டினால்கூட, அதிலிருந்து கோளாறு எங்கே என்று ஒரு நூல் கிடைக்கும். பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறவரிடம் என்னத்தைக் கேட்பது? கடையில் நாள் முழுக்கப் பாடவிட்டேன். அசையவில்லை. போத்தனூர் போய்ச் சேர்ந்ததும் அணைந்தது. கடையில் பாடுகிற செட்டு வீட்டில் பாடவில்லை என்றால் கோளாறு வீட்டில்தான் இருக்கிறது. மீட்டரையும் ஸ்க்ரூ டிரைவரையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

அவருடைய அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். அந்தப் பக்கம் அவருடைய அண்ணன். பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்பது அந்தத் தெரு டீக்கடைக்கே தெரியும். கார்டய்யாவின் வீட்டம்மா காப்பி கொடுத்தார். கரண்டை அளந்து பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. செட்டின் மேல் அழகுக்காகப் போர்த்தியிருந்த பூப்போட்ட துணியை எடுத்துவிட்டுப் பாட்டு வைத்தேன். சத்தத்தைக் கூட்டியதும், டக். நான் திரும்பிப் பார்த்தேன். கார்டய்யா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு இடித்தது. செட்டைத் திருப்பினேன். ஸ்பீக்கர் ஒயர் சொருகுகிற இடத்தில் இரண்டு ஜோடி ஒயரை ஒன்றாக முறுக்கிச் சொருகியிருந்தது. ஒரு ஜோடி பக்கத்திலிருந்த ஸ்பீக்கருக்குப் போனது. இன்னொன்று பீரோவுக்குப் பின்னால் மேலே ஏறி, சுவரும் ஓட்டுக் கூரையும் சேருகிற சந்து வழியாக அண்ணன் வீட்டுக்குள் போய்விட்டது.

மென்று முழுங்கித்தான் சொன்னார். அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு கிடக்கிறார். ஆண்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களே தவிர, பெண்கள் இரண்டு பேரும் பின்பக்கக் குழாயடியில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வழியாகத்தான் கார்டய்யா அண்ணியாரிடம் ஒரு ஸ்பீக்கரைக் கொடுத்து அண்ணன் அறைப் பரண்மேல் வைக்கச் சொல்லியிருக்கிறார். புது ரேடியோ வாங்கியிருக்கிறது என்று அந்த அம்மாவும் புருஷனிடம் சொல்லிவிட்டார். செட்டு முதலில் கருகியதே அந்த ஒயரை இழுத்த பிறகுதான். ஒரு ஜோடி மாட்டைக் கட்டி இரண்டு வண்டிப் பாரத்தை இழுக்கச் சொன்னால் படுத்துக்கொள்ளாதா, அதைக் கழற்றியே ஆகவேண்டும் என்றேன்.

"செட்டு போனாப் போகுதுங்க. அந்த ஒயர மட்டும் கழட்டிப்போடாதீங்க. ஊட்டுல ஒருத்தருகிட்டயும் பேசாம மோட்டுவளையப் பாத்துட்டே படுத்துக் கெடக்கறாருங்க."

கார்டய்யா எனக்கும் செட்டுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். இன்றைக்கு என் கடையில் ஒயரே இல்லாத ஸ்பீக்கர்தான் விற்கிறது. கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள். யார் வீட்டு பீரோவுக்குப் பின்னாலும் நான் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வசதிதான், ஆனால் மனிதர்களைத் தெரிந்துகொள்ள எனக்கு இருந்த வழி அதோடு போய்விட்டது.

கழற்றாமல் செய்ய ஒரு வழி இருந்தது, எனக்கு அது தெரியும். இரண்டு ஸ்பீக்கரையும் தனித்தனியாக இழுக்கவிடாமல், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துவிட்டால் செட்டுக்குப் பாரம் குறையும். சத்தம் கொஞ்சம் இறங்கும், குமிழைத் திருகிக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் பாட்டை வைத்தேன். ஒரு கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடியது. செட்டு அணையவில்லை. பாட்டு மட்டும் எங்கோ தூரத்தில் பாடுகிற மாதிரி மெல்லக் கேட்டது.

கேசட்டைத் திருப்பிப் போட்டு இரண்டாவது பாட்டு ஓடும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. கரகரத்த, பலமான குரல்.

"ஏன்டா தம்பி, சத்தம் பத்தலடா."

பாட்டு யார் வீட்டிலிருந்து வருகிறது என்று அந்தப் பெரியவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. காப்பி டம்ளரை எடுக்க வந்த வீட்டம்மா அப்படியே நின்றுவிட்டார். கார்டய்யா என் பக்கம் குனிந்து, நான் சர்வீஸ் செய்ததைச் சரிபார்க்கிறவர் போல மெதுவாகக் கேட்டார்.

"தம்பின்னுதானுங்களே கூப்பிட்டாரு?"

ஆமாங்க என்றேன். குமிழைத் தானே திருகிக் கூட்டினார். "இதா வாரனுங்ணா" என்று சுவரைப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவே பார்க்க முன்வாசல் வழியாகவே அண்ணன் வீட்டுக்குப் போனார்.