அணைத்த மண்ணுக்குள் லீக்ஸ்

"...ஆமா பாய், நான்தான் ஆக்கித் தின்னுட்டேன்னு வச்சிக்குங்க. இப்ப கொஞ்சம் தோட்டத்துக்கு வாங்க," என்றார் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு.

வெள்ளிமலையில் என் மளிகைக்கடைக்குப் பின்னால் லீக்ஸ் போட்டிருந்தேன். வெங்காயத்தாள் மாதிரிதான், தண்டு மட்டும் தடிமனாக இருக்கும். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. சரக்கெடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியவன், சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டதால் பத்து நாள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்படி சின்னப்பொண்ணிடம் சொல்லியிருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால், முழங்கால் உயரச் செடிகள் சாண் உயரம்தான் நின்றன. நுனி அறுபடாமல் இருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. நேரே குழாயடிக்குப் போய், அத்தனை பெண்கள் முன்னால், "தண்ணி ஊத்தச் சொன்னா அறுத்து ஆக்கித் தின்னுகினு இருந்தியா?" என்று கேட்டுவிட்டேன். கூலிக்குப் போய்ப் பிழைக்கிறவருக்கு திருடி என்ற பேர் ஒட்டினால் யார் வேலை கொடுப்பார்கள்?

குழாயடியே எங்கள் பின்னால் வந்தது. அவர் ஒரு செடியடியில் குவிந்திருந்த மண்ணை விலக்கினார். உள்ளே தண்டு முழுசாக, வெளுத்துக்கொண்டு வந்தது.

"ஊட்டி தோட்டத்துல வேலை செஞ்சப்ப இப்டிதான் மண்ணு அணைப்போம் பாய். வெயில் படலன்னாதான் தண்டு வெள்ளையா வரும்."

குழாயடியில் அப்படிக் கேட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. அவர் என்னைப் பார்க்காமல், விலக்கிய மண்ணை மறுபடியும் செடியோடு அணைத்து, இரண்டு கையாலும் தட்டிவிட்டுத்தான் எழுந்து போனார்.