‘க்விக்’ என்றால் வேகமில்லை

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். ஹெப்சிக்கு வரவே வராது. அதனால்தான் அன்றைக்குக் காலையில், வேலைக்குப் போகும் முன், அவளைத் தனியாகக் கல்லூரிக்கு அனுப்பாமல் நானும் கூடப் போனேன்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷின் அவளுடையது. ஒன்பது வருஷமாகத் தோல் தைக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் நாங்களெல்லாம் வாயைப் பிளந்து தூங்குவோம். அவள் புத்தகத்தைத் திறந்துவிடுவாள். மாலைக் கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ். பாக்கி ஒரே ஒரு பேப்பர். பாஸானால் ஜூனில் டீச்சராகச் சேரலாம் என்று வாலாஜாபேட்டைப் பள்ளிக்கூடம் ஒன்று சொல்லியிருந்தது.

அந்தப் பேப்பர் முழுக்கப் பழைய இங்கிலீஷ் பேய்க்கவிதைகள். பாழடைந்த மாளிகை, கல்லறை, நடுங்கும் விளக்கு. தெரியாத வார்த்தைகூடப் பரவாயில்லை, அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். தெரிந்த மாதிரி முகத்தைக் காட்டி ஏமாற்றும் வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு கவிதையில், குடும்பக் கல்லறைக்குள் ‘க்விக்’காக வைத்து மூடப்பட்ட பெண் வருகிறாள். அவளை உயிரோடு புதைத்துவிட்டார்கள் என்று ஹெப்சி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தால், அத்தனையையும் அடித்து, ‘அவசரமாகப் புதைத்தார்கள்’ என்று சிவப்பு மையில் எழுதி, பத்துக்கு முட்டை போட்டிருந்தார், அவளுக்குப் பாடம் நடத்தும் கிருபானந்தம் சார். நாற்பது எடுத்தால் பாஸ். அவள் முப்பத்தாறு.

சார் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தார். நகலைப் பார்க்கக்கூட இல்லை.

“ஃபேக்டரி இங்கிலீஷ் வேற, கவிதை இங்கிலீஷ் வேறம்மா.”

“இன்னா சார் இது அநியாயம்!” என்று கத்தியேவிட்டேன். “எங்க சூப்பர்வைசர் நாளெல்லாம் க்விக், க்விக்னு உயிர வாங்கறான். அந்த ஃபேக்டரி அர்த்தத்தத்தான் நீங்க எழுதி வெச்சிருக்கீங்க!”

ஹெப்சி என் கையைப் பிடித்து அடக்கினாள். முதல்முறையாக அவளுக்கும் கோபம் வந்திருந்தது.

“சார், நம்ம சர்ச்ல ஞாயித்துக்கெழம இங்கிலீஷ் ஆராதனைல விசுவாசப் பிரமாணத்த நீங்கதான் முன்ன நின்னு சொல்றீங்க. ஆண்டவர் ‘க்விக்’கையும் செத்தவங்களையும் நியாயந்தீர்க்க வருவாருன்னு அதுல இதே வார்த்தை வருது. சின்ன வயசுல, வேகமா ஓடறவங்கள ஆண்டவர் தண்டிப்பாருன்னு நெனச்சு ஞாயித்துக்கெழமைல ஓடவே மாட்டேன். அம்மாதான் தமிழ்ல சொல்லிக் காட்னாங்க, அது உயிரோட இருக்கறவங்கன்னு. நீங்க இத்தினி வருஷமா யார நெனச்சு சொல்லிட்டிருந்தீங்க?”

சார் எழுந்துபோய் அலமாரியிலிருந்து தடித்த அகராதியை எடுத்துப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. முகம் செத்துப்போனது.

“மார்க் லிஸ்ட் எக்ஸாம் ஆபீசுக்குப் போய்ட்ச்சும்மா. நவம்பர்ல எழுது, நான் பாத்துக்கறேன்.”

“ஸ்கூல் ஜூன்ல தெறக்குது சார். திருத்தச் சொல்லி இப்பவே லெட்டர் எழுதுங்க. வாங்காம போ மாட்டேன்.”

நான் கம்பெனிக்குப் போன் போட்டு இருவருக்கும் அரை நாள் லீவு சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். மற்ற ஆசிரியர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததும் சார் பேனாவை எடுத்தார். மாணவியின் விடை சரி, கவனக்குறைவால் மதிப்பெண் விடுபட்டது என்று எழுதி நீட்டினார்.

ஹெப்சி படித்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

“கவனக்குறைவு இல்ல சார். அர்த்தம் தெரியல. அத எழுதுங்க.”